கற்பித்தல் தத்துவம் ஒரு பக்கம் எழுதிவிட்டேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை

சாக்பீஸ்தூசி | சனி, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். நான் பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம். 16 வாரக் கற்பித்தல் பயிற்சிக்காக ஓர் அரசுப் பள்ளியில் இருக்கிறேன். ஒன்பதாவது வாரம் ஓடுகிறது. பாடக்குறிப்பு, ரெக்கார்டு, தெர்மாகோல் மாடல் எல்லாம் ஒருவழியாக நடக்கிறது. இப்போது கல்லூரியில் 'என் கற்பித்தல் தத்துவம்' என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பத்து மதிப்பெண்.

எழுதினேன். இதுதான்:

"ஒவ்வொரு மாணவரும் தனித்திறன் கொண்ட மலர். ஆசிரியர் கற்றலை எளிதாக்குபவர். என் வகுப்பறை மாணவர் மையமாக, மகிழ்ச்சியானதாக, அச்சமற்றதாக இருக்கும். செயல்பாடுகள் வழியாகவும் தொழில்நுட்பத்தின் துணையோடும் ஒவ்வொரு குழந்தையின் உள்ளொளியையும் தூண்டுவேன்."

நேற்று இதை என் வழிகாட்டி ஆசிரியையிடம் காட்டினேன். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இந்த வாரம் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தியே, அதுல இந்த நாலு வரியில எது இருந்துச்சு?"

நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை தசம எண்கள். பலகையில் 0.5, 0.35 என்று எழுதி, எது பெரியது என்றேன். வகுப்பே ஒரே குரலில் "முப்பத்தஞ்சு!" என்றது. எனக்கு வியர்த்துவிட்டது. கடைசி பெஞ்சில் வேறு மேற்பார்வைக்கு வந்த பேராசிரியர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். "இல்லை இல்லை, 0.5தான் பெரியது. கடைசியில் ஒரு பூஜ்ஜியம் போட்டுப் பாருங்கள், 0.50. ஐம்பது பெரியதா, முப்பத்தைந்து பெரியதா?" என்று நானே கேட்டு நானே பதிலும் சொல்லி முடித்தேன். அடுத்து 0.6, 0.47 கொடுத்தேன். எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். பேராசிரியர் 'வலுவூட்டல் நன்று' என்று எழுதிவிட்டுப் போனார். மறுநாள் 0.8, 0.125 கொடுத்தேன். பாதி வகுப்பு 0.125 என்றது.

அந்தப் பக்கத்தையும் இந்த வகுப்பையும் எப்படி ஒட்டவைப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வூதியன் | சனி, இரவு 10:15

தம்பி, 31 வருடம் கணக்கு எடுத்துவிட்டு 2014இல் ஓய்வு பெற்றவன் நான். உள்ளொளி எல்லாம் அப்புறம். ஜூன் மாத முதல் வாரம், 42 பேர் உள்ள வகுப்பில் நுழைந்து மூன்று நிமிடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து நோட்டைத் திறக்க வை. அதைச் செய்ய முடிந்தால் பிறகு தத்துவம் பேசலாம்.

கணக்கு ஆசிரியர்தானே, ஒரு கணக்குப் போடு. பாடவேளை 40 நிமிடம். வருகைப்பதிவு, கரும்பலகை அழிப்பது, "சார் பேனா இல்ல" எல்லாம் ஐந்து நிமிடம். மிச்சம் 35. அதை 42 பேருக்குப் பங்கு போட்டால் தலைக்கு 50 நொடி. இந்த 50 நொடியில் எந்த மலரை எப்படி மலர வைப்பாய்?

சாக்பீஸ்தூசி | சனி, இரவு 10:22

தம்பி இல்லை ஐயா, பொண்ணு. :) 50 நொடி கணக்கு பயமாக இருக்கிறது. ஆனால் என் வகுப்பில் 38 பேர்தான்.

ஏணிப்படி | ஞாயிறு, காலை 7:05

நான் தொடக்கப்பள்ளி. தத்துவம் லாரியில் வந்து இறங்கியதைப் பார்த்தவள்.

செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிப்படியாகக் கற்கும் முறை, நினைவிருக்கிறதா? ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் செய்த முறையைப் பார்த்து, 2003 வாக்கில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்க வந்தது. ஏணிப்படி, அட்டைகள், கம்பிப் பந்தல், சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை. என் பெயர் அதிலிருந்துதான். நம்பியவர்களும் பந்தலில் அட்டை தொங்கவிட்டார்கள், நம்பாதவர்களும் தொங்கவிட்டார்கள். பார்வைக்கு வருகிறார்கள் என்றால் பீரோவில் இருந்த அட்டைகள் தட்டுக்கு வரும். தள்ளி நின்று பார்த்தால் இரண்டு வகுப்பும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எனக்கு அதில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. அப்போது எங்களையும் பாயில் உட்காரச் சொன்னார்கள். முதல் வாரம் முட்டி வலியில் திட்டிக்கொண்டே உட்கார்ந்தேன். ஆனால் கீழே உட்கார்ந்தால் பிள்ளையின் பென்சில் தெரிகிறது. கழித்தலில் எந்த இடத்தில் பென்சில் நின்று யோசிக்கிறது, எங்கே ரப்பரைத் தேடுகிறது என்பது நாற்காலியிலிருந்து தெரியாது. இப்போது 2022இல் இருந்து எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறோம். (உங்கள் 'மலர்' அங்கிருந்து வந்ததோ?) திட்டம் மாறிவிட்டது. நான் இன்னும் கீழேதான் உட்காருகிறேன்.

உங்கள் பக்கத்தில் இப்படி உடம்பால் செய்கிற ஒரு விஷயம்கூட இல்லை, அதுதான் எனக்குப் பட்டது.

மீதி_ஒன்று | ஞாயிறு, காலை 11:30

நானும் கணக்குதான், தனியார் பள்ளி. தத்துவத்தை விடுங்கள், 0.35க்கு வருவோம்.

உங்கள் வகுப்பு "முப்பத்தஞ்சு" என்று கத்தியது என்றீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. நாம் எல்லோரும் 'பூஜ்ஜியம் புள்ளி முப்பத்தைந்து' என்றுதான் வாசிக்கிறோம். காதில் முப்பத்தைந்து விழுந்தால் ஐந்தைவிடப் பெரியதாகத்தான் தோன்றும். 'புள்ளி மூன்று ஐந்து' என்று இலக்கம் இலக்கமாக வாசித்துப் பாருங்கள். பாதி நோய் அதிலேயே தெரியும்.

அடுத்தது, காசு. எங்கள் காலத்தில் தசமத்தை ரூபாய், காசு வைத்துச் சொல்லிவிடுவார்கள். 25 காசு 2011 ஜூனோடு செல்லாமல் போய்விட்டது. ஐம்பது காசைக் கடைக்காரர் கையில் வாங்கமாட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் காசு என்பதே பாடப்புத்தகத்துச் சொல். டெய்லர் டேப் கொண்டு போங்கள். 0.5 மீட்டர் எங்கே, 0.35 மீட்டர் எங்கே என்று விரல் வைக்கச் சொல்லுங்கள்.

பூஜ்ஜியம் சேர்க்கும் விதி தப்பில்லை. ஆனால் ஏன் சேர்க்கலாம் என்று அது சொல்லாது. நீங்கள் புதனன்று கொடுத்தது விதி. வியாழனன்று 0.8க்கு இரண்டு பூஜ்ஜியம் போடவேண்டும் என்று யாரும் சொல்லாததால் பிள்ளைகள் பழைய இடத்துக்கே போய்விட்டார்கள்.

இன்னொன்று. கேள்வி கேட்டபின் எத்தனை நொடி காத்திருந்தீர்கள்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்று ஓர் அறிவியல் கல்வி ஆய்வாளர், வகுப்புகளை ஒலிநாடாவில் பதிவு செய்து இதை அளந்தார். ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில் நீளமானது, பதில் வராமல் போவது குறைந்தது, பேசாத பிள்ளைகள் பேசினார்கள். 1970களில் வந்தது. செலவே இல்லாத துணைக்கருவி, தெர்மாகோல் வேண்டாம்.

இருவர்_அம்மா | ஞாயிறு, பிற்பகல் 3:10

ஆசிரியர்கள் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகன் ஆறாம் வகுப்பு. அவன் வகுப்பில் பயிற்சிக் கணக்குகளை பெஞ்ச் வரிசைப்படி எழுப்பிக் கேட்பார்களாம். இவன் என்ன செய்கிறான் தெரியுமா? தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணி, தனக்கு ஏழாவது கணக்கு வரும் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் போட்டு வைத்துக்கொள்கிறான். முதல் ஆறும் காதிலேயே விழாது. யாராவது வரவில்லை என்றால் வரிசை மாறிவிடும், அன்றைக்கு வயிறு வலிக்கும்.

கை தூக்கேண்டா என்றால், "தூக்கினா எழுப்புவாங்கம்மா" என்கிறான். உங்கள் அச்சமற்ற வகுப்பறையில் இதற்கு என்ன வழி என்று யோசியுங்கள் டீச்சர்.

ஓய்வூதியன் | ஞாயிறு, இரவு 8:45

மேலே உள்ள அம்மா சொன்னதைப் படித்துவிட்டு மதியம் தூங்கவில்லை. பெஞ்ச் வரிசை என் பழக்கம்தான். நியாயமான முறை என்று நினைத்திருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் காலத்தில் தப்பான பதிலுக்கு உள்ளங்கையில் ஸ்கேல். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனத்துன்பம் தருவதையும் தடை செய்தது. அதற்குப் பிறகுதான் என் ஸ்கேல் மேசைக்குள் போனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடி நின்றபின்னும் என் வகுப்பில் தப்பான பதில் வந்ததில்லை. நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன். பதிலே வரவில்லை என்பதை யாராவது வந்து சொன்னார்களா என்ன!

ஆனாலும் காத்திரு, காத்திரு என்கிறவர்களுக்கு ஒன்று: அரையாண்டுத் தேர்வு காத்திருக்காது. முடிக்காத பாடத்துக்கு நாளைக்கு யார் பதில் சொல்வது?

கழற்குடம் | திங்கள், காலை 6:20

நான் தமிழாசிரியை. பெயருக்கு விளக்கம் சொல்லிவிடுகிறேன். நன்னூலில் பவணந்தி யாரெல்லாம் ஆசிரியர் ஆகக்கூடாது என்று நான்கு உவமை சொல்கிறார். கழற்குடம்: குடத்தில் கழற்சிக்காயைப் போட்ட வரிசை ஒன்று, கொட்டும்போது வரும் வரிசை வேறு. மடற்பனை: யாரும் ஏறமுடியாது, தானாக விழுந்தால்தான் பழம். பருத்திக் குண்டிகை: பஞ்சு அடைத்த சிறுவாய்க் குடுவை, அடைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக, எடுப்பதும் கொஞ்சம் கொஞ்சமாக. முடத்தெங்கு: தண்ணீர் ஊற்றுவது ஒருவர், வளைந்துபோய்க் காய் விழுவது பக்கத்து வீட்டில். நான் முதல் வகை. ஆகுபெயர் நடத்த ஆரம்பித்து அன்மொழித்தொகையில் முடிப்பேன்.

ஆனால் உங்களுக்கு வேண்டியது இன்னொரு இடம். பாடம் சொல்லும் முறையைச் சொல்லும்போது 'கொள்வோன் கொள்வகை அறிந்து' என்கிறார். வாங்குபவன் எப்படி வாங்கிக்கொள்கிறான் என்று தெரிந்து கொடுக்க வேண்டுமாம். உங்கள் பிள்ளைகள் 0.35ஐ முப்பத்தைந்தாக வாங்கிக்கொண்டார்கள். அதைத் தெரிந்துகொள்ளாமலேயே கொடுத்துவிட்டீர்கள். சாக்பீஸ்தூசி, இதைக் குறையாகச் சொல்லவில்லை, நானும் தினம் செய்வதுதான்.

அதே நூலில் ஒரு பங்குக் கணக்கும் உண்டு. ஆசிரியர் சொல்வதை ஒழுங்காகக் கேட்டால் கால் பங்குதான் வரும். கூடப் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வதில் மிச்ச அரை. ஓய்வூதியன் ஐயாவின் 35 நிமிடத்தையும் நாமே பேசித் தீர்த்தாலும் கால்தான் தேறும்.

மூணாவதுபெஞ்ச் | திங்கள், காலை 9:50

நன்னூலைத் தூக்கிப் பிடிக்கும் முன் ஒன்று. நல்லாசிரியர் இலக்கணச் சூத்திரத்தின் முதல் சொல்லே 'குலன்'. குலம் பார்த்து ஆசிரியரைத் தேர்ந்த காலத்து நூல். அந்தக் கணக்குப்படி இங்கே எழுதும் பாதிப் பேர் சாக்பீஸையே தொட்டிருக்க முடியாது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் டீச்சர்.

கழற்குடம் | திங்கள், மாலை 5:40

சரிதான். நான் அதை வகுப்பில் மறைப்பதில்லை. சூத்திரத்தை எழுதிப்போட்டு, 'இதை இன்றைக்கு எழுதினால் முதல் சொல் எதுவாக இருக்கும்' என்று கேட்பேன். போன வருடம் ஒருத்தி, 'நேரத்துக்கு வர்றது மிஸ்' என்றாள். நான் அன்று பத்து நிமிடம் தாமதம்.

சாக்பீஸ்தூசி | வியாழன், இரவு 9:15

நான்கு நாளாக வரவில்லை, மன்னிக்கவும். நேற்று ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு கிடைத்தது. மீதி_ஒன்று அண்ணா சொன்னபடி டேப் கொண்டு போனேன். பெஞ்ச் வரிசை வேண்டாம் என்று பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டேன். சீட்டு எடுத்தால் முதலில் பக்கத்தில் உள்ளவரோடு ஒரு நிமிடம் பேசலாம், பிறகு சொன்னால் போதும். இது கழற்குடம் அக்காவின் இரண்டாவது கால் பங்கு!

அதே 0.5, 0.35. இலக்கம் இலக்கமாக வாசித்தேன். பிறகு மனசுக்குள் எண்ணினேன். நாலு நொடி வரும்போது கதவைத் திறந்து ஓடிவிடலாம் போல இருந்தது. சீட்டில் வந்த பையன் எழுந்து, "0.5 பெரிசு மிஸ்" என்றான். சரியான பதில்! போன வாரப் புதன்கிழமை நானாக இருந்தால் 'வெரி குட்' சொல்லி உட்காரவைத்திருப்பேன். சும்மா ஏன் என்று கேட்டேன். அவன் சொன்னது: "புள்ளிக்கு அப்புறம் எவ்ளோ நீளமோ அவ்ளோ சின்னது மிஸ்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். 0.4, 0.62 எழுதினேன். 0.4தான் பெரியது என்றான், கொஞ்சமும் தயக்கமில்லாமல். இன்னும் ஒன்பது பேர் அவன் பக்கம் கை தூக்கினார்கள். ஒரு பெண், அப்பா தையல்காரராம், அவளாகவே எழுந்து வந்து டேப்பை வாங்கி 40இலும் 62இலும் விரல் வைத்துக் காட்டினாள். அவன் டேப்பையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வழிகாட்டி ஆசிரியையிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "பத்தில் ஒரு பங்கைவிட நூறில் ஒரு பங்கு சின்னதுன்னு நாமதான் சொல்லிக்கொடுத்தோம். அதை மட்டும் பிடிச்சுக்கிட்டான், எத்தனை பங்குன்னு பார்க்கலை."

அப்போதுதான் உறைத்தது. போன வாரப் புதனன்று நான் கொடுத்த 0.6, 0.47 கணக்கிலும் சின்ன எண்தான் நீளம். இந்தப் பையனைப் போல் நினைக்கும் பிள்ளைகள் அதிலும் சரியாகச் சொல்லித் தப்பித்திருப்பார்கள். 'வலுவூட்டல் நன்று' வேறு வாங்கினேன்.

கெட்ட செய்தி: பாடக்குறிப்பில் ஆறு கணக்கு இருந்தது. முடித்தது இரண்டு.

ஓய்வூதியன் | வியாழன், இரவு 9:50

31 வருடத்தில் சரியான பதில் சொன்னவனை ஏன் என்று கேட்டதே இல்லை. தப்பாகச் சொன்னவனிடம்தான் கேட்பேன், அதுவும் அதட்டலாக. அதனால் என் வகுப்பில் 'ஏன்' என்றாலே பதில் தப்பு என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

இருந்தாலும் ஆறுக்கு இரண்டு தாங்காது அம்மா. ஒரு வழி சொல்கிறேன். நாளுக்கு ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் இப்படிக் காத்திரு. அந்தக் கேள்வி எது என்று முந்தின இரவே முடிவு செய், எண்களைப் பார்த்துத் தேர்ந்தெடு. மிச்ச ஐந்தை என்னைப் போல ஓட்டிவிடு.

மீதி_ஒன்று | வியாழன், இரவு 10:30

ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். இந்த வருடம் நான் ஐயாவை ஒப்புக்கொள்வது இதுதான் முதல் தடவை. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விக்குக் குறி போட்டு உள்ளே வருகிறோம், உளவியல் அறிஞர்கள் பியாஜேயும் வைகாட்ஸ்கியும் அதில் உண்டு. அந்த 0.4, 0.62 ஜோடியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அதில் கேட்பதில்லை.

சாக்பீஸ்தூசி | வெள்ளி, இரவு 8:00

பழைய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். புதிது:

"நாளுக்கு ஒரு கேள்வியை முந்தின இரவே எழுதி வைப்பேன். தப்பான யோசனை எதுவும் அதில் தற்செயலாகச் சரியான விடையைத் தந்துவிடாதபடி எண்களைத் தேர்வேன். கேட்டபின் நான்கு நொடி பேசமாட்டேன். பதில் சரியோ தவறோ, ஒரே குரலில் ஏன் என்று கேட்பேன். யாரை எழுப்புவது என்பது டப்பாவில் இருக்கும், பெஞ்சில் இருக்காது. எழுதும்போது அவர்கள் பென்சில் தெரியும் உயரத்தில் இருப்பேன்."

கால் பக்கம்தான் வருகிறது.

ஏணிப்படி | வெள்ளி, இரவு 8:25

கடைசி வரிக்கு முட்டி வலித் தைலம் என் செலவு.

இருவர்_அம்மா | வெள்ளி, இரவு 9:05

டப்பா யோசனையை மகனிடம் சொன்னேன். "அப்போ எல்லாக் கணக்கும் போடணுமே" என்று முகம் சுருங்கினான். பிறகு, பக்கத்தில் உள்ளவனோடு பேசலாம் என்றதும், "அது பரவால்ல" என்றான்.

சாக்பீஸ்தூசி | செவ்வாய், இரவு 9:30

பக்கம் திரும்பி வந்துவிட்டது. 'குறைந்தது ஒரு முழுப் பக்கம் தேவை. உளவியல் அறிஞர்கள் இருவரின் கோட்பாடுகளைச் சேர்க்கவும்.'

ஓய்வூதியன் | செவ்வாய், இரவு 9:41

சேர்த்துக் கொடு. பத்து மதிப்பெண்ணை விடாதே. அந்தக் கால் பக்கத்தை மட்டும் பாடக்குறிப்பு நோட்டின் உள் அட்டையில் ஒட்டி வை.

அந்தப் பையன் என்ன ஆனான்?

சாக்பீஸ்தூசி | செவ்வாய், இரவு 9:58

இன்று 0.3, 0.30 எழுதி எது பெரியது என்று கேட்டேன் ஐயா. டப்பாவில் வேறு பெயர்தான் வந்தது, ஆனால் நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உதடு அசைந்தது, நின்றது. ஆறேழு நொடி இருக்கும். பிறகு கையை நீட்டி, "மிஸ், அந்த டேப்பை ஒரு தடவை குடுங்க" என்றான்.